துப்பாக்கி யார் கையில், தோட்டா யார் உடலில்? மன்னவனூர் மலையிலிருந்து ஒரு விளக்கம்

துப்பாக்கி வன்முறை என்றதும் தமிழ் வாசகருக்கு நினைவுக்கு வருவது அமெரிக்கப் பள்ளிக்கூடங்கள்தாம். நம் ஊரில் சாதிவெறியின் ஆயுதம் அரிவாள். துப்பாக்கி நமக்குத் தொலைக்காட்சிச் செய்தி. இந்த எண்ணம் பாதி உண்மை. மேலவளவில் 1997இல் அரிவாளே பேசியது. ஆனால் பரமக்குடியில் 2011இல் பேசியது துப்பாக்கி. சேஷாசலத்தில் 2015இல், தூத்துக்குடியில் 2018இல், தேனி மாவட்டக் கூடலூரையொட்டிய காட்டில் 2023இல் பேசியதும் அதுவே. சுட்டவர் சீருடையில் இருந்தால் நம் பொதுமொழி அதைத் ‘துப்பாக்கிச் சூடு’ என்கிறது. ‘துப்பாக்கி வன்முறை’ என்பதில்லை. இந்தச் சொல் வேறுபாட்டுக்குள் ஓர் அரசியல் இருக்கிறது.

இக்கட்டுரை தமிழ்நாட்டில் புழங்கும் மூன்று வகைத் துப்பாக்கிகளைப் பற்றியது: உரிமம் பெற்றவரின் துப்பாக்கி, மலையோரத்து நாட்டுத் துப்பாக்கி, அரசின் துப்பாக்கி. மூன்றையும் ஒரே பார்வையில் காண்பதற்குப் பழனிமலையின் மேல்மலைக் கிராமங்கள் பொருத்தமான இடம்.

உரிமம் என்னும் சலுகை

மன்னவனூரிலிருந்து மலையிறங்கினால் அடிவாரத்தில் பழனி. அந்நகரில் 2020 நவம்பரில் நிலத் தகராறு ஒன்றில் திரையரங்க உரிமையாளர் ஒருவர் பட்டப்பகலில் இருவரைச் சுட்டார்; ஒருவர் பின்னர் இறந்தார். காணொளி மாநிலமெங்கும் பரவியது. அதே ஆண்டு ஜூலையில் திருப்போரூர் அருகே நிலப் பிரச்சினை ஒன்றில் துப்பாக்கி வெடித்து, சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் கைதானார். இரண்டு நிகழ்வுக்கும் எதிர்வினை ஏறத்தாழ ஒரே வடிவில் இருந்தது. முதல் நாள் அதிர்ச்சி. மறுநாள் ‘தமிழ்நாட்டிலும் துப்பாக்கிக் கலாச்சாரமா?’ என்ற தலைப்பு. அதற்கடுத்து அவரவர் கட்சிச் சார்புக்கேற்ற குற்றச்சாட்டு. அந்தத் துப்பாக்கி எப்படி அந்தக் கைக்கு வந்தது, யார் கையொப்பமிட்டார், யாருடைய மனு தள்ளப்பட்டது என்ற கேள்விகள் விவாதத்தின் மையத்துக்கு வரவே இல்லை. இரண்டிலும் தகராறு நிலத்தைப் பற்றியது என்பதும் பேசப்படவில்லை. நிலமும் துப்பாக்கியும் ஒரே வீட்டில் இருப்பது இந்நாட்டில் தற்செயலன்று.

ஆங்கில அரசு 1878இல் கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியர் ஆயுதம் வைத்திருக்க உரிமத்தைக் கட்டாயமாக்கியது. கூடவே, அரசுக்கு வேண்டியவர்களுக்கு விலக்கும் தந்தது. அந்த விலக்கு மரபின் எச்சம் இன்றும் உயிருடன் இருக்கிறது. குடகு இனத்தாரும் அங்குள்ள ஜம்மா நிலவுரிமையாளரும் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருக்கலாம். ஒன்றிய அரசு 2019இல் இவ்விலக்கை 2029 வரை நீட்டித்தது. பிறப்பையும் நிலவுடைமையையும் அடிப்படையாகக் கொண்டு ஆயுதச் சலுகை தரும் ஏற்பாடு குடியரசின் சட்டநூலிலேயே இருக்கிறது என்பதைச் சட்டக் கல்லூரி மாணவர்கள்கூடப் பலர் அறியார்.

இப்போது நடப்பிலுள்ள 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் காகிதத்தில் இதைவிட நேர்மையானது. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்தைக் காட்டி எவருக்கும் உரிமம் மறுக்கக் கூடாது என்று அதன் 14ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் 13ஆம் பிரிவு, வாய்வழி மருந்திட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கியைப் பயிர்ப் பாதுகாப்புக்காகத் தரலாம் என்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்கு முதலில் பயிர் வேண்டும். பயிருக்கு நிலம் வேண்டும். தற்காப்புக்கென மனுச் செய்தால் காவல்துறை அறிக்கை வேண்டும். யாரிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பதை ஒரு தலித் விண்ணப்பதாரர் அந்த அறிக்கைக்காக எந்தக் காவல் நிலையத்தில், யாரிடம் சொல்வது? சொத்து நிபந்தனை சட்டத்திலிருந்து நீங்கியது, நடைமுறையிலிருந்து நீங்கவில்லை.

மன்னவனூரின் பூண்டுக்காடும் காட்டுப்பன்றியும்

கொடைக்கானலுக்கு மேற்கே பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கூக்கால், பூண்டி, கிளாவரை என நீளும் கிராமங்களை மேல்மலை என்பர். சுற்றுலாப் பயணிகளுக்கு மன்னவனூர் என்றால் ஏரி, புல்வெளி, செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம். அங்கு வாழ்பவர்களுக்கு அது பூண்டும் உருளையும் கேரட்டும் பீன்ஸும். படிமுறைத் தோட்டங்களின் எல்லையிலேயே காடு தொடங்குகிறது. இக்காடுகளில் பெரும்பகுதி 2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இரவில் காட்டுப்பன்றியும் காட்டெருமையும் தோட்டத்துக்குள் வருகின்றன.

காட்டுப்பன்றிக்கென்று தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் ஒரு முறையை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுட அனுமதி இல்லை. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம். சமவெளி உழவருக்கு இது ஓரளவு பயன்படும். காட்டை ஒட்டியே தோட்டம் உள்ள மேல்மலை உழவருக்கு இந்த அளவுகோலால் பெரிய பயன் இல்லை. பன்றி பிரச்சினையே அல்ல என்பதுபோல் அரசு நடந்துகொள்ளும் இடத்தில்தான் திருட்டு மின்வேலியும் அவுட்டுக்காயும் நாட்டுத் துப்பாக்கியும் நுழைகின்றன. இவை மூன்றும் சட்டவிரோதம். மூன்றும் விலங்கை மட்டும் கொல்வதில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது, தோட்டம் யாருடையது, இரவுக் காவல் யாருடையது என்பது. 1868இல் வெளிவந்த நெல்சனின் மதுரை மாவட்டக் கையேடு, பழனிமலையில் புலையர் மக்கள் நிலமுடைய குன்னுவருக்கு அடிமைப்பட்டிருந்ததைப் பதிவு செய்திருக்கிறது. இன்று அந்த அடிமைமுறை சட்டப்படி இல்லை. ஆனால் மலைப் புலையர் பட்டியல் சாதியினராகவே வைக்கப்பட்டு, தங்களைப் பழங்குடியாக ஏற்கும்படி பல்லாண்டுகளாகக் கோரி வருகின்றனர். வன உரிமைச் சட்டத்தின் கீழ் உரிமை கோருகையில் பழங்குடி என்ற தகுதி இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் மெய்ப்பிக்க வேண்டிய சுமை ஒன்றல்ல. பழங்குடியல்லாத பிற மரபுவழி வனவாசிகள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கு வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். பளியர் பழங்குடிப் பட்டியலில் உள்ளனர். எனினும் தேனும் கிழங்கும் எடுக்கக் காட்டுக்குள் செல்பவரை ஐயக் கண்ணோடு பார்க்கும் வழக்கம் மாறவில்லை.

ஆக, உரிமத் துப்பாக்கிக்கு வழி நிலமுள்ளவருக்கு. இருட்டில் தோட்டத்துக் குடிசையில் விழித்திருக்கும் வேலை நிலமற்றவருக்கு. கள்ளத்துப்பாக்கி பிடிபட்டால் அது யாருடைய தேவைக்காக வைக்கப்பட்டது என்பதைவிட யார் கையில் இருந்தது என்பதே வழக்காகும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஆயுதச் சட்டத் தண்டனைகள் மிகக் கடுமையாகிவிட்டன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கிருஷ்ணகிரி, சேலம் மலையோரங்களில் காவல்துறை வேறு வழியையும் கையாண்டிருக்கிறது: தாமாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்ற அறிவிப்பு. அச்சமின்றி ஒப்படைக்கும் வழியைத் தருவது, வீடுவீடாகச் சோதனை போடுவதைவிட நல்லது. இது மேல்மலைக்கும் பொருந்தும், ஒரு நிபந்தனையுடன். பயிர்ச்சேதத்துக்கு உரிய காலத்தில் இழப்பீடும், காட்டோர நிலத்துக்கு அரசுச் செலவில் சூரியமின் வேலியும் கிடைக்காவிட்டால் இன்று ஒப்படைத்த துப்பாக்கிக்குப் பதில் நாளை வேறொன்று வரும். நாட்டுத் துப்பாக்கி செய்வதற்குப் பெரிய தொழிற்சாலை தேவையில்லை.

‘கடத்தல்காரர்’ என்ற சொல்

காட்டுக்குள் வெடிக்கும் அரசுத் துப்பாக்கியைப் பற்றிப் பொதுமக்கள் எதிர்வினை எப்படி இருக்கிறது? 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 மரம்வெட்டும் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் மலையோர ஏழைகள். அவர்களில் மலையாளிப் பழங்குடியினரும் இருந்தனர். தமிழ்நாட்டில் கொதிப்பு எழுந்தது உண்மை. ஆனால் அது பெரும்பாலும் ‘ஆந்திரக் காவல்துறை தமிழனைக் கொன்றது’ என்ற மொழியில் எழுந்தது. செம்மரத்தை ஏற்றுமதி செய்து கோடிகள் ஈட்டும் வலையமைப்பின் தலைகள் பற்றியோ, கூலிக்குச் சென்றவர்களுக்கு ஊரில் ஏன் வேலை இல்லை என்பது பற்றியோ அந்தக் கொதிப்பு நீளவில்லை. இன்னொரு தரப்போ ‘கடத்தல்காரர்கள்தானே’ என்று முடித்துக்கொண்டது. திருட்டுக்கு இந்தியாவில் மரணதண்டனை இல்லை என்ற எளிய உண்மை அந்த ஒரு சொல்லில் மறைந்தது.

2023 அக்டோபர் இறுதியில் தேனி மாவட்டம் கூடலூரையொட்டிய வனப்பகுதியில் ஓர் உழவர் வனத்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். பிடிக்க முயன்றபோது அவர் தாக்கினார் என்றது வனத்துறை. உறவினர்கள் மறுத்துப் போராடினர். இங்கே ‘ஆந்திரா’ இல்லை; சுட்டது நம் மாநிலத் துறை. கொதிப்பும் அந்த மாவட்டத்துக்கு வெளியே அதிகம் பரவவில்லை. இதைக் கசப்பாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

தூத்துக்குடியில் அந்தச் சொல் ‘சமூக விரோதிகள்’. 13 பேர் சுடப்பட்டு இறந்த ஒரு வாரத்தில், 2018 மே 30 அன்று, நடிகர் ரஜினிகாந்த் போராட்டத்தில் சமூக விரோதிகள் புகுந்துவிட்டனர் என்றார். அவர் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. பரமக்குடியில் அது ‘கலவரக்காரர்கள்’. கொல்லப்பட்டவருக்கு முதல் 24 மணி நேரத்தில் சூட்டப்படும் பெயர், பின்னர் வரும் விசாரணை எந்தத் திசையில் போகும் என்பதைப் பெரிதும் தீர்மானித்துவிடுகிறது. செயற்பாட்டாளர்கள் முதல் நாளிலேயே கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

இரண்டு ஆணையங்கள்

2011 செப்டம்பர் 11, இம்மானுவேல் சேகரன் நினைவு நாள். ஒரு தலித் பள்ளி மாணவன் கொல்லப்பட்டிருந்ததால் பகுதி ஏற்கெனவே பதற்றத்தில் இருந்தது. அஞ்சலிக்கு வந்துகொண்டிருந்த ஜான் பாண்டியன் வழியில் தடுத்துவைக்கப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரிப் பரமக்குடி ஐந்துமுனைச் சாலையில் மறியல் நடந்தது, காவல்துறை சுட்டது. அரசுக் கணக்குப்படி ஆறு பேர் இறந்தனர். நீதிபதி சம்பத் ஆணையம் சூட்டை நியாயப்படுத்தியது.

2018 மே 22, தூத்துக்குடி. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. தூண்டுதலின்றிச் சுட்டார்கள், மறைவிடங்களிலிருந்து சுட்டார்கள் என்று அது கண்டறிந்தது. காவல் அதிகாரிகள் உட்பட 17 காவல்துறையினர் மீதும், அப்போதைய மாவட்ட ஆட்சியர் மீதும் நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது.

இரு ஆணையங்களும் 1952ஆம் ஆண்டு விசாரணை ஆணையச் சட்டத்தின் கீழ் அமைந்தவை. அவற்றின் முடிவு எந்த அரசையும் கட்டுப்படுத்தாது. தூத்துக்குடிப் போராட்டம் பல சாதியினரும் மதத்தினரும் கலந்த நகரப் போராட்டம். ஊடகம் நேரலையில் இருந்தது. கைப்பேசிக் காணொளிகள் மலைபோல் குவிந்தன. பரமக்குடியில் இறந்தோர் தலித்துகள். அவர்கள் கூடியது ஒரு தலித் தலைவரின் நினைவு நாளுக்கு. அறிக்கைகளின் வேறுபாட்டுக்குச் சான்றுகளின் வேறுபாடும் காரணமாயிருக்கலாம். ஆனால் சான்று திரட்டும் ஆற்றல் எந்தச் சமூகத்துக்கு எவ்வளவு வாய்க்கிறது என்பதே சாதியால் முடிவாகும் நாட்டில், இவ்விரண்டையும் பிரித்துவைக்க இயலாது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

சட்டம் என்ன சொல்கிறது? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 148ஆம் பிரிவுப்படி, சட்டவிரோதக் கூட்டத்தைக் கலையச் சொல்லி நிர்வாக நடுவரோ உரிய காவல் அதிகாரியோ முதலில் ஆணையிட வேண்டும், கலையாதபோதுதான் வலிமை. இராணுவத்தை அழைக்கும் 149ஆம் பிரிவு, கூடியவரை குறைந்த வலிமையும் குறைந்த காயமும் என்று வெளிப்படையாகவே வரம்பிடுகிறது. 1990ஆம் ஆண்டின் ஐ.நா. அடிப்படை நெறிகளும், உயிரைக் காக்கத் தவிர்க்கவே முடியாதபோது மட்டுமே கொல்லும் நோக்கில் சுடலாம் என்கின்றன. ஆனால் 151ஆம் பிரிவுப்படி, இந்த அதிகாரங்களின்கீழ் செய்ததாகச் சொல்லப்படும் எச்செயலுக்கும் அரசின் முன் அனுமதி இன்றி வழக்குத் தொடர முடியாது. எஜமானன் அனுமதித்தால்தான் காவலாளி மீது வழக்கு. மோதல் மரணங்களுக்கு உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பர் 23 அன்று மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் 16 நெறிமுறைகளை வகுத்தது: முதல் தகவல் அறிக்கை, வேறு காவல் நிலையமோ குற்றப் புலனாய்வுத் துறையோ நடத்தும் விசாரணை, நடுவர் விசாரணை முதலியன. காவல்துறையை மனத்தில் வைத்து வகுத்த இவற்றை வனத்துறைச் சூடுகளுக்கும் அரசாணை மூலம் ஐயத்துக்கிடமின்றி விரிக்க வேண்டும். மலைமக்களுக்கு முதன்மையாக வேண்டிய சீர்திருத்தம் இது.

மறக்கப்பட்ட விதி 3

நிலவுடைமையாளரின் துப்பாக்கி என்ன செய்யும் என்பதற்கு நமக்கு வரலாறு இருக்கிறது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்ட இரவில் வந்தவர்கள் கையில் துப்பாக்கிகளும் இருந்தன. பீகாரில் ரன்வீர் சேனை எனும் நிலவுடைமையாளர் படை 1996இல் பதானி டோலாவில் 21 பேரையும், 1997 டிசம்பர் 1 அன்று லட்சுமண்பூர் பாதேயில் 58 பேரையும் கொன்றது. பாதே வழக்கில் கீழ் நீதிமன்றம் தண்டித்த 26 பேரையும் பாட்னா உயர் நீதிமன்றம் 2013 அக்டோபரில் விடுவித்தது. ஆயுதமேந்திய சாதிப்படை திடீரென்று வானத்திலிருந்து குதிக்கவில்லை. உரிமத் துப்பாக்கியும் கள்ளத்துப்பாக்கியும் ஊரறியச் சேர்ந்த பிறகே அது எழுந்தது.

இதைத் தடுக்கச் சட்டம் இருந்தது, இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளில் விதி 3 முன்னெச்சரிக்கை நடவடிக்கைகளைச் சொல்கிறது. வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளை மாநில அரசு அடையாளம் காண வேண்டும். அங்கே தேவையெனக் கருதினால், பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களை ரத்துச் செய்து ஆயுதங்களை அரசுக் கிடங்கில் வைக்கச் செய்யலாம்; அவர்தம் உறவினர், பணியாட்கள், குடும்ப நண்பர்களின் உரிமங்களுக்கும் இது பொருந்தும். கள்ளத்துப்பாக்கிகளைக் கைப்பற்ற வேண்டும். உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்புத் தேவைப்பட்டால் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு உரிமம் வழங்கலாம்.

கடைசியாகச் சொன்னது நம் இயக்கங்களுக்குள்ளேயே விவாதத்துக்குரியது. தலித் குடியிருப்பில் ஒரு துப்பாக்கி பாதுகாப்புத் தருமா, சோதனைக்கும் வழக்குக்கும் சாக்காகுமா? பின்னதே நடக்கும் வாய்ப்பு அதிகம் என்பது என் கருத்து. ஆனால் முதற்பகுதியில் விவாதத்துக்கு இடமே இல்லை. ஆதிக்கத்தின் கையிலுள்ள துப்பாக்கியை எடுப்பதற்கு அரசுக்கு இயலாது என்று எவரும் சொல்ல முடியாது. ஒவ்வொரு தேர்தல் அறிவிப்பின் பின்னும் உரிமத் துப்பாக்கிகள் காவல் நிலையங்களில் ஒப்படைக்கப்படுவதை நாம் பார்க்கிறோம். வாக்குப்பெட்டியின் பாதுகாப்புக்குச் சில வாரங்களில் முடிகிற வேலை, சேரியின் பாதுகாப்புக்கு முடியாதா?

உலக நாடுகளில் கட்டுப்பாடு வந்த வழியும் இதையே காட்டுகிறது. ஆஸ்திரேலியாவில் 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்ட 12 நாள்களில் நாடு தழுவிய உடன்படிக்கை ஏற்பட்டது. ஏறத்தாழ 6,50,000 துப்பாக்கிகள் விலைக்கு வாங்கி அழிக்கப்பட்டன. நியூசிலாந்து 2019 மார்ச்சில் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்ட ஒரு மாதத்துக்குள் சட்டம் இயற்றியது. அங்கெல்லாம் மக்கள் கொல்லப்பட்டவரைத் தம்மவர் என்று கருதினர். இறந்தவரின் குற்றப்பின்னணியைத் தேடுவதில் முதல் வாரம் கழியவில்லை.

மேல்மலையில் தொடங்கக்கூடியவை

திண்டுக்கல் மாவட்டத்தில் உரிமம் வழங்கும் அதிகாரி மாவட்ட ஆட்சியர். கொடைக்கானல் வட்டத்தில் நடப்பிலுள்ள உரிமங்கள் எத்தனை, எந்தக் காரணத்துக்கு வழங்கப்பட்டவை, எத்தனை மனுக்கள் நிராகரிக்கப்பட்டன, பட்டியல் சாதி மற்றும் பழங்குடி உரிமதாரர்கள் எத்தனை பேர், விதி 3இன்கீழ் மாவட்டத்தில் அடையாளம் காணப்பட்ட பகுதிகள் எவை ஆகிய ஐந்து கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பெயர்களைக் கேட்டால் தனியுரிமை என்று மறுப்பார்கள். எண்ணிக்கையை மட்டும் கேட்டால் அந்தக் காரணத்துக்கு இடமில்லை.

ஆட்சியர் தலைமையிலான விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும் என்கிறது விதி 17; கோட்ட அளவிலும் குழு உண்டு. துப்பாக்கி உரிமப் பட்டியலை அக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி உறுப்பினர்களிடம் எழுத்து வடிவில் கோரலாம். கிராம சபையில் பன்றிச் சேதத்தையும் கள்ளத்துப்பாக்கியையும் ஒரே தீர்மானத்தில் வைப்பது நல்லது. பிரித்து வைத்தால் முதலாவது உழவர் பிரச்சினையாகவும் இரண்டாவது ‘அந்தத் தெருப் பையன்கள்’ பிரச்சினையாகவும் மாறிவிடும்.

காட்டுக்குள் ஒருவர் சுடப்பட்டதாகச் செய்தி வந்தால் முதல் நாளிலேயே செய்ய வேண்டியவை சில. சுட்டவர்மீது தனி முதல் தகவல் அறிக்கை கோருதல். உடற்கூறாய்வைக் காணொளியில் பதியக் கோருதல். இறந்தவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் எனில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகளைச் சேர்க்கவும், துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்கவும் எழுதிக்கொடுத்து ஒப்புகை பெறுதல். புகாரைப் பதிய மறுக்கும் அரசு ஊழியர் மீது அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு பாயும் என்பதை அதே மனுவில் குறிப்பிடலாம். உடலைப் பெறுவதா மறுப்பதா என்ற முடிவைக் குடும்பத்திடமே விட வேண்டும். அந்த இரவில் அவர்களைச் சுற்றி நிற்கும் கட்சிக்காரர்களும் அதிகாரிகளும் அதை விடமாட்டார்கள் என்பதால், ஒரு வழக்கறிஞரும் குடும்பத்துக்கு நெருங்கிய ஒருவரும் அங்கேயே இருப்பது அவசியம்.